ஆதம்பாவா மரைக்கார் எண்ணிய பதினான்கு பேர்

1986ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் நாலு இருபது. எண்ணிக்கை பதினான்கு: ஆண்கள் ஒன்பது, பெண்கள் ஐந்து.

அன்று காலையில்தான் ஆதம்பாவா மரைக்கார் அவர்கள் என் அலுவலகத்துக்கு வந்து இந்த எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். நாலு இருபதுக்கு நான் சந்தைக்குப் பின்னால் உள்ள பொதுக் கிணற்றுக்குக் குளோரின் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அஸர் தொழுகை முடிந்த பிறகு அது பேசினால் ஒரே ஒரு செய்திதான், மரணச் செய்தி. பெயரைக் கேட்டதும் கயிறு கைவிட்டுப் போய் வாளி கிணற்றுக்குள் விழுந்தது. அதை எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

பள்ளி விறாந்தையில் ஒரு குடும்ப விசாரணையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், தூணில் சாய்ந்தாராம். யோசிக்கிறார் என்று இரண்டு தரப்பும் காத்திருந்திருக்கிறார்கள். மரைக்கார் யோசிக்கும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. அதனால் அவர் போய்விட்டதைக் கண்டுகொள்ளவே சற்று நேரம் எடுத்தது.

அவரைத் தெரிந்தவர்கள் தங்கள் நினைவுகளை எங்கள் வாலிபர் சங்கம் றோனியோவில் படியெடுக்கும் இந்தச் சஞ்சிகைக்கு எழுதித் தருவார்கள். நான் சுகாதாரப் பரிசோதகன். களுத்துறையில் பயிற்சி முடித்தவன். அழகாக எழுத வராது. ஒரு அவசரம் இருப்பதால் எழுதுகிறேன். இதை நீங்கள் வாசிக்கும்போது அவருடைய வீட்டில் ஒரு கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருக்கும். அதைத் திறக்க வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு விஷயம். ஒன்று, எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளியில் ஒரு மரைக்கார் இருப்பார். புருஷன் பெண்சாதி பிணக்கு முதலில் அவரிடம்தான் போகும். இரண்டு, கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. கோபித்துக்கொண்ட புருஷன் ஒரு சாரனையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்கு வந்தால், பிணக்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். மரைக்காரைக் கூப்பிட வேண்டும்.

இந்த வழக்கம் தெரியாவிட்டால் அவர் கண்டுபிடித்தது என்ன என்பது விளங்காது.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிந்திய காலத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் அடித்தது பலருக்கு நினைவிருக்கும். உலகம் சுற்றுகிற இன்புளுவென்சாவின் வால் இது என்றார் எங்கள் டாக்டர். மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வசதி இருக்கவில்லை. ஆகவே நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடு வீடாகப் போய் எண்ணி, காய்ச்சல் ஓய்ந்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் மரைக்கார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என் உம்மாவின் குடிதான் அவரும், முறைக்கு மாமா.

“என்ன மனே, உங்கட காய்ச்சல் முடிஞ்சிட்டு எண்டு எழுதிட்டீங்களாம்?”

“ஓம் மாமா. கடைசி ஆளும் பாய உட்டு ஒழும்பி மாசக் கணக்காச்சு.”

“ஒழும்பினது உண்மதான். ஆனா கொஞ்சப் பேர் இன்னம் ஊட்ட வந்து சேரயில்ல.”

எனக்கு எரிச்சல். வடிகான், மலசலகூடம், செத்த மாடு என்று வருகிறவர்களுக்கே நேரம் போதாது. “விளங்கச் சொல்லுங்க மாமா, வேல கிடக்கு” என்றேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையில் இருந்து சொன்னார்.

அவர் மரைக்காராக இருந்த காலமெல்லாம் தலையணையோடு வருகிறவர்கள் இளம் ஆட்கள். மாமியார் சண்டை, கறிக்கு உப்பு, மச்சானின் நக்கல். கிழவர்கள் வருவதில்லை, வருவதற்கு அவர்களுக்கு உம்மா இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு கிழவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பேரப்பிள்ளை கண்ட, மரைக்காரே காக்கா, அதாவது அண்ணன், என்று அழைக்கிற மனிதர்கள் காலையில் எழும்பி, தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்போதோ மண்ணாகிப்போன உம்மாவின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த வீட்டில் இப்போது தங்கச்சியின் மகளோ, அவளுடைய மகளோ இருக்கிறாள். அவள் பயந்துபோய், கிழவி கிழவனை அடித்துக் கலைத்துவிட்டாள் என்று சத்தம் போடுகிறாள். குடியே திரண்டு கிழவியைத் திட்டுகிறது.

“நானும் மூணு பேருக்கு சமாதானம் செஞ்சி கொண்டுபோய் உட்டன் மனே. பொஞ்சாதிமார ஏசியும் போட்டன். நாலாவது ஆளக் கொண்டு போகக்குள்ளதான் கேட்டன், காக்கா எங்க போறம் எண்டு. ‘ஆரோ கலியாணம் பேச வந்திரிக்காங்களாம், பொண்ணு பாக்கப் போறம்’ எண்டார். அவருக்குப் பேரன் ரெண்டு பேர் ஏ.எல். படிக்காங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“காய்ச்சல்தான் மனே இத செஞ்சிரிக்கி.”

அன்றே சண்டை தொடங்கியது. ஆறு வருடம் ஓயவில்லை. வயது போனால் மறதி வரும், அதற்குக் காய்ச்சல் தேவையில்லை என்றேன். மலேரியாவுக்கு மருந்தடித்த பிறகு நம் ஆட்கள் கூடக் காலம் வாழ்கிறார்கள். கிழவர்கள் கூடினால் மறதிக்காரரும் கூடுவர் என்றேன். காய்ச்சல் நேரத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் முன்பே இருந்த மறதி கண்ணில் பட்டிருக்கும் என்றேன். “காய்ச்சலுக்கு முதல்ல எத்தின பேர்? எண்ணி வெச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப ஒண்டும் சொல்ல ஏலா.”

“நீ ஏலா எண்டு இரி. நான் விசாரிக்கப் போறன்.”

விசாரிப்பது அவர் தொழில். அதை அவர் செய்த விதம் என் பயிற்சியில் யாரும் சொல்லித் தராதது. யாரிடமும் ‘மறதி இருக்கிறதா’ என்று கேட்க மாட்டார்; ஒருவரும் ஓம் என்று சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். “காய்ச்சலுக்குப் பிறகு ஊட்ல என்ன பிணக்கு?” என்று கேட்பார். பிணக்கைச் சொல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. நெல்லை விற்றதை மறந்து இன்னொருவனுக்கும் விற்றவர், கந்தூரிச் சோற்றை இரண்டு தரம் கேட்டவர், மருமகனைக் கள்ளன் என்று கத்தியவர் எல்லாரும் அப்படித்தான் வெளியே வந்தார்கள். அதே நேரம் அவர் ஒரு தரப்பை மட்டும் கேட்டார். காய்ச்சல் வராத வீடுகளுக்குப் போகவே இல்லை. அதை நான் முகத்துக்கு நேரே சொன்னேன். மறுநாளே போகத் தொடங்கினார். இறக்காமத்தில் காய்ச்சல் குறைவு என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். வயலுக்குள் யானை நின்றதால் ஒரு பகல் முழுவதும் ஒரு வாடிக் குடிசைக்குள் இருந்து சண்டை பிடித்தோம். பெரியநீலாவணைக் கடற்கரையில் தமிழ் ஆட்களுக்கும் குடி முறையும் பெண் வீட்டுக்குப் போகும் முறையும் உண்டு. அங்கேயும் ஒரு கிழவர் இப்படி வலையைத் தூக்கிக்கொண்டு உம்மா, அதாவது அம்மா வீட்டுக்குப் போனார் என்று அறிந்தோம். முழுதாக விசாரிக்க முதல் போன வருடக் கலவரம் வந்தது. பாதை அடைபட்டது.

டாக்டரிடமும் கேட்டேன். முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு வந்த பெருங்காய்ச்சல் காலத்தில் வெளிநாடுகளில் சிலர் உறைந்தவர்கள்போல வருடக்கணக்கில் கிடந்தார்கள் என்றும், அது அந்தக் காய்ச்சலின் வேலையா வேறொன்றா என்று இன்னும் யாரும் தீர்த்துச் சொல்லவில்லை என்றும் சொன்னார். நான் இதை மரைக்காரிடம் சொன்னபோது, “பாத்தியா?” என்றார். “தீர்த்துச் சொல்லயில்ல எண்டுதான் சொன்னார்” என்றேன். “அதத்தான் நானும் சொல்றன், பாத்தியா?”

இனி பெரிய வயல்காரர் உதுமாலெவ்வைப் போடியாரின் விஷயம். ஊருக்குத் தெரிந்ததுதான், ஆனால் அரைகுறையாக.

போடியார் அவர்கள் காய்ச்சலில் மோசமாகக் கிடந்து எழும்பியவர். ஒரு நாள் தலையணையோடு கிளம்பியிருக்கிறார். மனைவி செய்லத்தும்மா வாசல் படலையடியில் கையைப் பிடித்தார். யாரோ அந்நியப் பெண் கையைப் பிடிக்கிறாள் என்று அவருக்குப் பயம். ரோட்டால் போனவர்கள் கேட்க, தலாக் என்று மூன்று முறை கத்திவிட்டார்.

மருமகன் மஜீது அதே வளவில் இருந்தவர். நல்ல மனிதர், மார்க்கத்தில் கண்டிப்பு. அன்றே மாமனாரின் பாயை வெளி விறாந்தைக்கு மாற்றினார். செய்லத்தும்மா இனிமேல் அவருக்கு அந்நியப் பெண்; தொடக்கூடாது. போடியாரின் சகோதரிகள் ஒருவரும் உயிரோடு இல்லை. மகன்மார் அவரவர் மனைவிமார் வீட்டில். அவரைக் குளிப்பாட்டுவது யார், சோறு தீத்துவது யார், மூத்திரச் சாரனை மாற்றுவது யார்? விசாரணை வரைக்கும் செய்லத்தும்மா கதவுக்கு உள்ளே நின்று, “இடப் பக்கம் சாய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க, புரைக்கேறும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அஸருக்குப் பிறகு பள்ளி விறாந்தை நிறைந்துவிட்டது. மரைக்கார் என்னையும் கூப்பிட்டிருந்தார். மஜீது எழும்பினார்.

“மரைக்கார், மாமாக்கு மூள பிசகு எண்டு சொல்லப் பாக்கீங்க. யாசீன் ஓதச் சொல்லுங்க பாப்பம்.”

போடியார் அந்தக் குர்ஆன் அத்தியாயத்தை ஓதினார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்தக் குரலில் ஒரு தள்ளாட்டம்கூட இல்லை. கூட்டம் தலையாட்டியது. யாசீனை இப்படி ஓதுகிறவருக்குப் புத்தி இல்லை என்று யார் சொல்வது? சிறுவயதில் படிந்தது கடைசிவரை நிற்கும் என்று நான் எழும்பிச் சொல்லப் போனேன். மரைக்கார் என் சாரனைப் பிடித்து இழுத்து இருத்தினார். பிறகு செய்லத்தும்மாவைப் பெண்கள் பக்கத்திலிருந்து முன்னே வரச் சொன்னார்.

“காக்கா, இந்தப் பொம்புள ஆர்?”

போடியார் நன்றாகப் பார்த்தார். முகம் இளகியது.

“உம்மாக்கு உதவிக்கு வந்த புள்ள. தங்கமான புள்ள. காலத்தால இரிந்து ஒண்டும் தின்னயில்ல போல. சோறு குடுங்களன் மரைக்கார்.”

செய்லத்தும்மா முந்தானையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். மரைக்கார் மஜீதைப் பார்த்துத்தான் கதைத்தார்.

“தம்பி, தலாக் சொல்றதுக்கு முதல்ல அது தன்ட பொஞ்சாதி எண்டு தெரியணும். இவர் ஆருக்குச் சொன்னார்? மௌலவிட்டயும் காதியார்ட்டயும் கேட்டுட்டன், புத்தி எடுபட்டவன்ட பேச்சு செல்லாது. பாய உள்ளுக்க போடுங்க.”

மஜீது அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ப் பாயைத் தூக்கினார். போடியார் மேலும் இரண்டு வருடம் அந்தப் பாயில், அந்தப் பெண்ணின் கையால் சோறு தின்று வாழ்ந்தார்.

நியாயமாக அன்று நான் மரைக்காரைப் பாராட்டியிருக்க வேண்டும். என் புத்தி வேறு பக்கம் ஓடியது. திரும்பி வரும்போது கேட்டேன்:

“மாமா, உங்கட கணக்குல இப்ப எத்தின பேர்?”

“ஒம்பது.”

“ஒம்பதும் ஆம்புளயள். காய்ச்சல் பொம்புளயள உட்டுட்டா போச்சு? ஏன் ஒரு கிழவியும் இல்ல?”

அவர் நின்றுவிட்டார். “நீ சும்மா கதைக்காத” என்று என்மேல் முதல் தடவையாகப் பாய்ந்துவிட்டு, என்னை ரோட்டில் விட்டுப் போய்விட்டார். குடையையும் என் கையில் மறந்துவிட்டுப் போனார். ஒரு கிழமை அலுவலகப் பக்கம் வரவில்லை. பிறகு வந்து, “பின்னேரம் ஊட்ட வா, தேத்தண்ணி குடிக்க” என்றார்.

அவருடைய மனைவி ஆசியா மாமியை ஊரே அறியும். மரைக்கார் காலையில் குசினிக்குள் சமையலுக்கு நிற்பதையும் ஊர் அறியும். ‘மரைக்கார் குசினிக்கும் விசாரணைக்குப் போறார்’ என்று சந்தியில் பகிடி பண்ணுவார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். அன்று மாமி தேநீர் கொண்டுவந்தார். கேட்டார்:

“மனே, கலியாணம் முடிச்சிட்டயா?”

“இல்ல மாமி.”

“அப்ப என்ட சின்ன மகள் இரிக்காளே.”

சின்ன மகளுக்கு மூன்று பிள்ளைகள். பகிடி என்று நினைத்தேன். தேநீர் முடிவதற்குள் நாலு முறை அதே கேள்வி, அதே அன்பு, அதே சின்ன மகள். தேநீரில் சீனிக்குப் பதில் உப்பு. மரைக்கார் தன் கோப்பையைக் கடைசிவரை குடித்து வைத்தார். மாமி உள்ளே போனதும் சொன்னார்:

“ஆம்புளக்கிப் புத்தி பிசகினா ஊட்டத் தேடிப் போறான். நாம புடிக்கிறம், எண்ணுறம். இவள் எங்க போவாள் மனே? இவள் பொறந்த வளவு இதுதான். உம்மா ஊட்டுக்குள்ளதான் இரிக்காள். ஒரு பிணக்குமில்ல. அதால என்ட கண்ணுக்கே படயில்ல, பக்கத்துப் பாய்ல கிடந்தும்.”

“மாமிக்கிக் காய்ச்சல் கடுமையா வந்ததா?”

“வரவேயில்ல. எங்க எல்லாரயும் பாத்தது அவள்தான்.”

நான் நான்தான். சொல்லிவிட்டேன்: “அப்ப உங்கட கணக்கு உடையுது மாமா.”

“உடையட்டும். அவளயும் சேத்து எண்ணு.”

வருடக்கணக்கில் ஒரு கருத்துக்காக ஊர் ஊராக அலைந்த மனிதர் அது. அந்தக் கருத்துக்கு எதிரான முதல் சாட்சியைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்து என் முன்னால் இருத்தினார். வெளியே தெரியாமலும் அந்தக் காய்ச்சல் ஒருவருக்குள் வந்து போயிருக்கலாம் என்று நான் பிறகு சொன்னேன். அது உண்மையும்கூட. அவர் அந்த ஆறுதலை வாங்கவில்லை. “தெரியாததத் தெரியா எண்டு வெய்” என்றார். அதன் பிறகு பெண்களை விசாரிக்கப் பெண்களையே அனுப்பினோம். மாமியோடு ஐந்து பேர். நாலு பேருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. இதில் எதுவும் எதையும் நிரூபிக்காது. எங்கள் குடி சிறியது, எண்ணியவர் ஒருவர், காய்ச்சலுக்கு முந்திய கணக்கு இல்லை. ஆனால் பார்க்காமலே இருந்த ஐந்து பேரைப் பார்த்தோம்.

அன்று படலை வரை வந்து ஒன்று சொன்னார். “நான் உசிரோட இரிக்கிற வரைக்கும் இவள்ட கதைய ஆருக்கும் சொல்லாத. பாவம் பாக்க எண்டு ஊர் வரும். வேடிக்க பாத்துட்டுப் போகும்.” சொல்லவில்லை. மகள், எனக்கு அக்கா முறையான ஜெமீலா ராத்தாவுக்குக்கூட, உம்மாவுக்கு வயதுக்கோளாறு என்ற அளவில்தான் தெரியும். மீதியை அவர் தன் உடம்பால் மறைத்து நின்றார்.

இப்போது அந்த உடம்பு இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போனேன். மாமிக்கு இத்தா: நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். மாமிக்கு அது நினைவில் நிற்காது. அஸர் பாங்கு கேட்டால் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறார். இரண்டு தரம் ரோட்டில் பிடித்திருக்கிறார்கள். மரைக்காரின் பெண்சாதி இத்தாவை மதிக்கவில்லை என்று ஒரு வாய் இரண்டு வாயாகக் கதை போய்விட்டது. ராத்தா அறைக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் அடித்திருந்தார். புதுத் தாழ்ப்பாள். ஆணி இன்னும் மினுங்கியது.

உள்ளேயிருந்து மாமி: “ஜெமீலா, கதவத் தொற புள்ள. வாப்பா விசாரண முடிஞ்சி வாற நேரம். சோறு ஆறுது.”

“உம்மா, வாப்பா மௌத்தாகிட்டாங்க, எத்தின தரம் சொல்ற!”

பிறகு அந்த அலறல். முதல் தடவை கேட்கிற அலறல். நான் அங்கே இருந்த நேரத்துக்குள்ளேயே அது மூன்று முறை நடந்தது. ஒரு மனிதருக்கு ஒரு பெண் ஒரு பின்னேரத்தில் மூன்று முறை விதவையாவதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

“ராத்தா, இனிச் சொல்லாதீங்க” என்றேன்.

“அப்ப பொய் சொல்லச் சொல்றியா? நீயா? கிணத்துக்கு எவ்வளவு குளோரின் எண்டு சண்ட புடிக்கிற ஆள், நீயா?” ராத்தா அழுதார். “சனம் வாப்பாட பேர நாறடிக்குது. நான் என்ன செய்ய?”

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். மௌலவியிடம் கேட்டேன்; இத்தாவுக்குச் சட்டம் உண்டு, வெளித் தாழ்ப்பாள் அதில் இல்லை என்றார். ஊருக்கு நான் சொல்வது இதுதான்: ஆசியா உம்மா இத்தாவை மீறவில்லை. தன் புருஷன் போனது அவருக்குத் தெரியாது. படலையில் கத்திய போடியாருக்கு மரைக்கார் கொடுத்த நியாயம், மரைக்காரின் வீட்டுக்கும் உண்டு.

மாமா, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வாய் திறக்கவில்லை. இப்போது திறந்துவிட்டேன். நீங்கள் அடங்கிய கபுறைப் பிரகாசமாக்க அல்லாஹ் போதுமானவன். உங்கள் குடை இன்னும் என் அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எடுக்க மறந்தீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மௌலவியையும் மஜீதையும் கூட்டிக்கொண்டு ஜெமீலா ராத்தாவிடம் போவேன். முதலில் கதைக்கப்போவது மஜீது. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

2. தாழ்ப்பாளைக் கழற்றுவேன். ஆணி பிடுங்கி என்னிடம் உண்டு. மாமி வெளியே வராமல் பார்க்கப் படலையில் முறை வைத்து ஆள் இருக்கட்டும். செய்லத்தும்மா முதல் முறையைக் கேட்டிருக்கிறார்.

3. எண்ணுவதை நிறுத்த மாட்டேன். காய்ச்சல் வந்த வீடு, வராத வீடு இரண்டும், பெண்களை முதலில். பாதை திறந்ததும் பெரியநீலாவணை. அடுத்த காய்ச்சல் வர முதலே, இன்று யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு வைப்பேன். எங்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

4. கிணற்றிலிருந்து வாளியை எடுக்க வேண்டும்.

5. தினமும் அஸருக்குப் பிறகு மாமியிடம் போவேன். “மரைக்கார் எங்க மனே?” என்று கேட்பார். “விசாரணைக்குப் போயிரிக்கார் மாமி. பெரிய விசாரண. சுணங்கும்” என்பேன். சோற்றை என்னிடம் தரச் சொல்லி வாங்கி, உப்பு எப்படி இருந்தாலும், கடைசிவரை தின்பேன்.